"சத்தம் கேட்டா ஒதுங்கு"ன்னு நான் சொல்லிக் குடுத்தது: நெதர்லாந்து சைக்கிள் பாதைல நடந்த ஒரு ஸ்கூட்டர் விபத்து

எதுக்கு இந்தப் பதிவு

இது 2022 அக்டோபர்ல நடந்தது, ஆம்ஸ்டர்டாமை ஒட்டின ஒரு ஊர்ல. ஊர் பேரு, ஆள் பேரு, இன்சூரன்ஸ் கம்பெனி பேரு எதையும் சொல்லப் போறதில்ல, இங்க நம்ம ஆளுங்க கொஞ்ச பேருதான், ஒரு சின்ன குறிப்பு குடுத்தாலே யாருன்னு தெரிஞ்சிடும். விழுந்தவங்களுக்கு இதை முழுசாப் படிச்சுக் காட்டி, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் போடறேன். அவங்களுக்கு சைக்கிள் சொல்லிக் குடுத்தது நான்தான், அதனால என் பங்கு எங்க இருக்குன்னும் மறைக்காம எழுதியிருக்கேன்.

நம்ம ஊர்ல இருந்து புதுசா வந்து சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கறவங்களுக்கும், அவங்களுக்கு சொல்லிக் குடுக்கறவங்களுக்கும் இது உபயோகப்படும்னு நம்பறேன்.

பின்னணி: சைக்கிள் பாதைக்குள்ள ஸ்கூட்டர் எப்படி வந்துச்சு

நெதர்லாந்துன்னா சைக்கிள் பாதைல சைக்கிள் மட்டும்தான் போகும்னு நினைச்சுட்டு வர்றோம். வந்து முதல் வாரத்துலயே பின்னால இருந்து பெட்ரோல் வாசனையோட ஒரு ஸ்கூட்டர் உரசிட்டுப் போகும், ஐயோ இவன் என்ன சட்டத்தை மீறி வர்றான்னு கோவம் வரும். ஆனா பாதி நேரம் அவன் சட்டப்படிதான் வர்றான்.

இங்க சின்ன ஸ்கூட்டர் ரெண்டு வகை. மஞ்சள் நம்பர் பிளேட் போட்டது ப்ரோமர், மணிக்கு 45 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம், ஹெல்மெட் கட்டாயம். இதை 1999 டிசம்பர் 15-ல இருந்தே ஊருக்குள்ள பொதுவா கார் போற ரோட்டுக்கு மாத்திட்டாங்க. நீல பிளேட் போட்டது ஸ்னோர்ஃபீட்ஸ், அதுக்கு உச்ச வேகம் 25, அதை சைக்கிள் கணக்குலயே வெச்சு சைக்கிள் பாதைல விட்டுட்டாங்க, ஹெல்மெட்டும் வேணாம்னு இருந்துச்சு. அந்தக் காலத்துல ஸ்னோர்ஃபீட்ஸ்னா சைக்கிள்லயே சின்ன மோட்டார் மாட்டின வண்டி, வயசானவங்க மெதுவா ஓட்டிட்டுப் போவாங்க, அப்ப அந்த விதில தப்பு இல்ல. பின்னாடி வந்தது அப்படி இல்ல, 45-ல போற ஸ்கூட்டரோட அதே பாடி, அதே எஞ்சின், வேகத்தைக் கட்டிப்போட உள்ள ஒரு தடுப்பு மட்டும் வெச்சு நீல பிளேட் குடுத்து விக்கறாங்க. அந்தத் தடுப்பைக் கழட்டறது பசங்களுக்கு பெரிய வேலை இல்ல. எடைனு பாத்தா சைக்கிளை விட பல மடங்கு, ஆனா ஓடற பாதை ஒண்ணுதான்.

ஆம்ஸ்டர்டாம்ல இதுக்கு வருஷக்கணக்கா சண்டை நடந்து கடைசில 2019 ஏப்ரல் 8-ல இருந்து ஏ10 ரிங் ரோட்டுக்குள்ள நீல பிளேட்டையும் கார் ரோட்டுக்கு அனுப்பிட்டாங்க, ரோட்ல போறதால ஹெல்மெட்டும் போடணும்னு ஆச்சு. ஸ்கூட்டர் ஓட்டறவங்க எதிர்த்தாங்க, 50-ல வர்ற கார் நடுவுல 25-ல எங்களைப் போகச் சொன்னா எங்க உயிருக்கு யாரு பொறுப்புன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வில நியாயம் இருக்குன்னு நான் இன்னைக்கும் நினைக்கறேன். (2023 டிசம்பர்ல ஆம்ஸ்டர்டாம் பெரும்பாலான ரோட்ல கார் வேகத்தையே 30-ஆக் குறைச்சுது, அப்பறம்தான் அந்தக் கணக்கு கொஞ்சம் நேராச்சு.)

நாங்க இருக்கறது அந்த ரிங்குக்கு வெளிய. இங்க நீல பிளேட் சைக்கிள் பாதைலதான்.

போர்டையும் சொல்லிடறேன், பல வருஷம் இருக்கறவங்களுக்கே இது தெரியறதில்ல. நீல வட்டத்துல வெள்ளை சைக்கிள் மட்டும் இருந்தா அது சைக்கிளுக்கும் நீல பிளேட்டுக்கும். அதே வட்டத்துல சைக்கிளோட ஸ்கூட்டர் படமும் இருந்தா மஞ்சள் பிளேட்டும் வரும். செவ்வகமா ஃபீட்ஸ்பாட்னு (டச்சுல சைக்கிள் பாதைன்னு அர்த்தம்) எழுத்துல போட்டிருந்தா அங்க பெட்ரோல் எஞ்சினை ஓடவிட்டுட்டு வரக்கூடாது. இந்த மூணாவது போர்டை யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா புதுசா ஓட்டறவங்களுக்கு அதுதான் நல்ல பாதை.

அவங்க, அவங்க சைக்கிள், என் பாடம்

அவங்களுக்கு அப்ப 36 வயசு, திருநெல்வேலி பக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக இங்க வந்து ஒன்றரை வருஷம், பொண்ணு மூணாவது படிக்கறா. சின்ன வயசுல அண்ணனோட சைக்கிளைத் தொட்டதுக்கே வீட்ல திட்டு வாங்கினதா சொன்னாங்க, அதுக்கப்பறம் ஏறினதே இல்ல. இங்க பொண்ணு ஸ்கூலுக்கு மத்த அம்மாக்கள் எல்லாம் சைக்கிள்ல வந்து நிக்கும்போது இவங்க மட்டும் மழைல குடையோட இருபத்தஞ்சு நிமிஷம் நடந்து போவாங்க. ஒரு நாள் என்கிட்ட வந்து "அக்கா, எனக்கு இதைக் கத்துக் குடுத்துருங்க, வேற எதுவும் கேக்க மாட்டேன்"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்க்கிங் இடத்துல ஆரம்பிச்சோம். பெடல் இல்லாம தள்ளிட்டு உருள்றது, அப்பறம் பெடல், அப்பறம் ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டறது. ஆறு வாரத்துல நேரா ஓட்ட ஆரம்பிச்சாங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஓமாஃபீட்ஸ் வாங்கினாங்க, பாட்டிங்க ஓட்டற மாதிரி உயரமா நிமிர்ந்து உக்காந்து ஓட்டற சைக்கிள், கைல பிரேக் கிடையாது, பெடலைப் பின்னால அழுத்தினாத்தான் நிக்கும். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ள சொருகிட்டு, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் துணி மாட்டாம இருக்க தடுப்பு போட்டுக் குடுத்தேன்.

பாதைல ஓட்டற பாடத்துல நான் சொன்னது இதுதான்: "பின்னால எஞ்சின் சத்தம் கேட்டா பயப்படாத, வலது பக்கம் நல்லா ஒதுங்கிரு, அது போயிரும்." இங்க எல்லாரும் வலது பக்கம் ஓட்டணும், முந்தறவங்க இடது பக்கமா முந்தணும். ஒதுங்குன்னு சொல்றது எனக்கு ரொம்ப இயல்பா வந்துச்சு. நான் கும்பகோணத்துல சைக்கிள் ஓட்டி வளர்ந்தவ, பின்னால ஹாரன் கேட்டா மண்ணுல இறங்கிடணும், அதுதான் உயிர் தப்பற வழி. அதே வழக்கத்தை யோசிக்காம இங்க பாடமா ஆக்கிட்டேன்.

பாதைல நாலு வாரம் நான் கூடவே ஓட்டினேன். அந்த நாலு வாரத்துல ஒண்ணு கவனிச்சேன், அதை அப்ப சரியாப் புரிஞ்சுக்கல: ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அவங்க முதல்ல இடது தோள் வழியாத் திரும்பிப் பாப்பாங்க, பாக்கும்போது சைக்கிள் கொஞ்சம் இடது பக்கம் சாயும், அப்பறம் பதறிப் போய் வலது பக்கம் வெட்டுவாங்க. பழகினா சரியாயிடும்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு நடந்தது

சாயங்காலம் அஞ்சேகால் இருக்கும், வெளிச்சம் இருந்துச்சு, ரோடு காஞ்சுதான் இருந்துச்சு. பொண்ணை நடனக் கிளாஸ்ல விட்டுட்டு தனியாத் திரும்பி வந்துட்டிருந்தாங்க. பெரிய ரோட்டை ஒட்டின ஒரு வழி சைக்கிள் பாதை, வலது பக்கம் நடைபாதை, நடுவுல செங்குத்தா நிக்கற கல் விளிம்பு, இடது பக்கம் வரிசையா நிறுத்தின கார்.

பின்னால ஸ்கூட்டர் சத்தம். திரும்பிப் பாத்தாங்க. சைக்கிள் இடது பக்கம் சாஞ்சுது. அதுக்குள்ள ஸ்கூட்டர் கிட்ட வந்துடுச்சு, இவங்க சட்டுனு வலது பக்கம் வெட்டினாங்க, முன் டயர் அந்தக் கல் விளிம்புல உரசி மாட்டிக்கிச்சு, சைக்கிள் நின்னு போய் ஆள் இடது பக்கமா சாயறாங்க, சரியா அந்த நேரம் பக்கத்துல போன ஸ்கூட்டரோட கண்ணாடி அவங்க முழங்கைல பட்டுது. இடது கையை ஊணி விழுந்தாங்க.

ஸ்கூட்டர் ஓட்டினது 17 வயசுப் பையன், சூப்பர் மார்க்கெட்ல பார்ட் டைம் வேலைக்குப் போயிட்டிருந்தவன். இங்க 16 வயசுலயே இந்த வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம். இருபது முப்பது அடி தள்ளி நிறுத்திட்டு ஓடி வந்தான். ஓடிப் போயிருக்கலாம், போகல. அதை இங்க எழுதணும்.

முதல் ஒரு மணி நேரம்

விழுந்தவங்க உடனே எழுந்திரிச்சு "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே"ன்னு சொல்லியிருக்காங்க. வலி தெரியலையாம், வெக்கம்தான் பெருசாத் தெரிஞ்சுதாம், எல்லாரும் பாக்கறாங்களேன்னு. பையன் பர்ஸை எடுத்து சைக்கிளுக்கு அம்பது யூரோ குடுக்க வந்திருக்கான். அதை வாங்கிட்டுக் கிளம்பியிருந்தா இந்தக் கேஸ் அங்கயே முடிஞ்சிருக்கும்.

எதிர்ப்பக்கம் நாயோட நடந்துட்டிருந்த ஒரு டச்சு அம்மா, எழுபது வயசு இருக்கும், குறுக்க வந்து நின்னுட்டாங்க. கையைக் காட்டுன்னு சொல்லி மணிக்கட்டைப் பாத்திருக்காங்க, அது அதுக்குள்ள ஸ்பூனைக் கவுத்து வெச்ச மாதிரி வளைஞ்சு வீங்க ஆரம்பிச்சிடுச்சு. அவங்கதான் நீல பிளேட்டை போட்டோ எடுத்தது, சைக்கிளும் ஸ்கூட்டரும் நின்ன இடத்தை போட்டோ எடுத்தது, போலீஸ்க்கு போன் பண்ணினது, கடைசியா தன்னோட போன் நம்பரை ஒரு ரசீது பின்னால எழுதி இவங்க பைல வெச்சது. அந்த ரசீது பின்னாடி எவ்வளவு முக்கியமாச்சுன்னு கீழ வரும்.

எனக்கு போன் வந்து நான் போகறதுக்குள்ள போலீஸ் வந்திருந்தாங்க. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போய் ரோலர் மேல ஏத்தி வேகம் பாக்கப் போறோம்னு சொன்னாங்க. பையன் முகம் அப்பவே செத்துப் போச்சு, எனக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு.

ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்தாங்க, மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆபரேஷன் வேணாம், இழுத்து நேரா வெச்சு மாவுக்கட்டு, ஆறு வாரம்னு சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி வீட்ல நடந்த பேச்சு

வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஆனா பயந்துட்டார். "அக்கா, போலீஸ்ல நம்ம பேரு ஏறிடுச்சே, நாளைக்கு விசா நீட்டிக்கும்போது, சிட்டிசன்ஷிப் போடும்போது ஏதாவது கேப்பாங்களா? அந்தத் தம்பியும் சின்னப் பையன், பேசி முடிச்சிடலாமே"ன்னார்.

இந்தப் பயம் நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப ஆழமா இருக்கு, அதை லேசா எடுத்துக்கக் கூடாது, ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் படி ஏறின அனுபவத்துல இருந்து வர்ற பயம் அது. அடிபட்டவங்களா பேரு இருக்கறது தங்கற உரிமைக்கு எந்த சிக்கலும் இல்லன்னு பொறுமையா சொன்னேன். அப்பறம் பணக் கணக்கைப் பேசினோம். இங்க ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்தாலும் வருஷத்துக்கு முதல் 385 யூரோ நம்ம கைல இருந்து போகும், எமர்ஜென்சிக்குப் போனா அது அங்கயே கரைஞ்சிடும். சைக்கிள் முன் சக்கரம் வளைஞ்சு போச்சு. இடது கை ஆறு வாரம் கிடையாதுன்னா சமையல், துணி, பொண்ணுக்குத் தலை பின்றது எல்லாம் யாரு பாக்கறது. இதையெல்லாம் அவங்க ஏன் சுமக்கணும்?

சட்டம் இங்க தெளிவா இருக்கு. 1994 ரோடு சட்டத்துல 185-வது பிரிவு, மோட்டார் வண்டியும் சைக்கிளோ நடக்கறவங்களோ சம்பந்தப்பட்ட விபத்துன்னா பொதுவா பொறுப்பு மோட்டார் வண்டிக்காரங்க மேல. அடிபட்டவங்க 14 வயசுக்குக் கீழன்னா முழு நஷ்டஈடு. பெரியவங்கன்னா, வேணும்னே விழுந்தாங்கன்ற மாதிரி இல்லாத வரைக்கும், அவங்க பக்கம் தப்பு இருந்தாலும் குறைஞ்சது பாதி கண்டிப்பா வரும், மீதி பாதி யாரு தப்பு எவ்வளவுன்னு பாத்து முடிவாகும். நீல பிளேட் ஸ்கூட்டரும் இந்தக் கணக்குல மோட்டார் வண்டிதான். பாதையைப் பகிர்ந்துக்கும்போது அதை சைக்கிளா எண்றாங்க, இடிச்சா வண்டியா எண்றாங்க. இது தெரியாமதான் நிறைய பேரு அம்பது நூறை வாங்கிட்டு வீட்டுக்குப் போறாங்க.

முடிவு அவங்களே எடுத்தாங்க. கட்டுப் போட்ட கையைத் தலைகாணி மேல வெச்சுட்டு, "நான் அவன் மேல கேஸ் போடலக்கா. வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுக்கு எடுத்தாங்களோ அதைக் கேக்கறேன்"ன்னாங்க.

டேப்போட திரும்பிப் போனது

ரெண்டு நாள் கழிச்சு நான் தனியா அந்த இடத்துக்கு தையல் டேப் எடுத்துட்டுப் போனேன். பாதை அகலம் 180 சென்டிமீட்டர். சைக்கிள் ஹேண்டில்பார் 62. புதுசா ஓட்டறவங்க கல் விளிம்புல இருந்து ஒரு 30 சென்டிமீட்டராவது தள்ளித்தான் ஓட்ட முடியும். ஆக வலது பக்கம் 92 போச்சு, மீதி 88. எங்க தெருவுல நிக்கற அதே மாதிரி ஸ்கூட்டரை அதோட சொந்தக்காரர்கிட்ட கேட்டு அளந்தேன், கண்ணாடியோட சேத்து 72. மிச்சம் 16 சென்டிமீட்டர். என் கை விரலை விரிச்சு வெச்சா அதை விட அதிகம். இந்த 16-ஐ ரெண்டாப் பிரிச்சு ஸ்கூட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடணும், அதுலதான் ஒரு ஆள் சாயறதும் ஆடறதும் எல்லாம் அடங்கணும்.

அங்க நின்னு பாத்தப்பதான் என் பாடத்துல இருந்த ஓட்டை தெரிஞ்சுது. ஒதுங்குன்னு நான் சொன்னது ஒதுங்க இடம் இல்லாத பாதைல. நம்ம ஊர்ல ரோட்டோரம் மண்ணு இருக்கும், இறங்கலாம். இங்க செங்குத்தான கல்லு. அதை விட முக்கியம், ஒதுங்கினா என்ன ஆகுதுன்னா பின்னால வர்றவனுக்கு "வா, இடம் இருக்கு"ன்னு சொல்ற மாதிரி ஆயிடுது. அவங்க பாதை நடுவுல நேரா ஓட்டிட்டே இருந்திருந்தா முந்த இடமே இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், பின்னால காத்திருந்திருப்பான். காத்திருக்கறது முந்தறவன் வேலை. அந்த வேலையை நான் ஓட்டக் கத்துக்கறவங்க தலைல கட்டியிருக்கேன்.

இதை அவங்ககிட்ட நேராப் போய் சொன்னேன். "நீங்க சொன்னதால விழல, நான் பயந்ததால விழுந்தேன்"ன்னாங்க. ஆனா அந்தப் பயத்துக்கு என்ன பண்ணணும்னு தப்பாச் சொல்லிக் குடுத்தது நான்தான்.

பையனும் அவன் அம்மாவும் வந்தது

ஒரு வாரம் கழிச்சு சனிக்கிழமை ரெண்டு பேரும் பூங்கொத்தோட வந்தாங்க. என்னையும் கூட இருக்கச் சொல்லியிருந்தாங்க. பையன் கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தான். போலீஸ் சோதனைல வண்டி 25-ஐ விட நல்லாவே மேல போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு, தடுப்பைக் கழட்டியிருக்கான். அபராதம், அதோட வண்டியைப் பழையபடி ஆக்கி திரும்ப சோதனைக்குக் காட்டற வரைக்கும் ரோட்ல எடுக்கக் கூடாது.

அந்த அம்மா கேட்டது ஒண்ணுதான்: இன்சூரன்ஸ்க்குப் போகாம நாங்களே செலவைக் குடுத்துடறோமே. காரணம் என்னன்னா, வேகம் கூட்டின வண்டின்னா கம்பெனி அடிபட்டவங்களுக்குக் குடுத்தே ஆகணும், ஆனா குடுத்துட்டு அந்தப் பணத்தை வண்டிக்காரங்ககிட்ட திரும்பக் கேக்கலாம். தனியா வளக்கற அம்மா, அவங்க குரல் உடைஞ்சு போச்சு. வீட்டுக்காரர் என்னைப் பாத்தார், சரின்னு சொல்லிடலாமான்ற மாதிரி.

எனக்கும் மனசு இளகிச்சு. ஆனா மணிக்கட்டு எப்படி ஆறும்னு அந்த நாள்ல யாருக்கும் தெரியாது, கட்டுப் பிரிச்ச பிறகு விரல் மடங்கலன்னா, பிசியோதெரபி ஆறு மாசம் போச்சுன்னா, அப்ப மறுபடி அந்தப் பையன் வீட்டு வாசல்ல போய் நிக்க முடியுமா? அதனால வேணாம்னு முடிவு பண்ணினோம். அதை மூஞ்சிக்கு நேரா மரியாதையா சொன்னாங்க, காபி குடுத்தாங்க, முறுக்கு குடுத்தாங்க. பையன்கிட்ட "நீ நின்னதுக்கு நன்றி தம்பி"ன்னு நான்தான் டச்சுல மொழிபெயர்த்தேன். அவன் அழுதுட்டான்.

இந்த முடிவு சரிதானான்னு இப்பவும் யோசிப்பேன். சரின்னுதான் படுது, ஆனா லேசான முடிவு இல்ல.

இன்சூரன்ஸோட முதல் பதில்

நவம்பர் கடைசில லெட்டர் வந்துச்சு. சைக்கிள் ஓட்டினவங்க தானா விளிம்புல மோதி விழுந்தாங்க, ஸ்கூட்டர் பட்டது விழுந்துட்டிருக்கும்போதுதான், அதனால பாதி மட்டும் தருவோம்னு. கடிதம் நாகரிகமாத்தான் இருந்துச்சு, படிச்சதும் இவங்க "அவங்க சொல்றது உண்மைதானே அக்கா, நான்தானே வெட்டினேன்"னு கேட்டாங்க. நம்ம ஆளுங்க இங்கதான் விட்டுக்குடுத்துடறோம்.

விபத்து நஷ்டஈடு பாக்கற ஒரு வக்கீலைப் பிடிச்சோம். எதிர்த்தரப்பு பொறுப்புன்னு ஆனா நியாயமான வக்கீல் செலவும் அவங்க தலைல போகும், இதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. வக்கீல் முதல்ல கேட்டது சாட்சி. ரசீது பின்னால இருந்த நம்பருக்கு போன் போச்சு. அந்த டச்சு அம்மா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாங்க: ஸ்கூட்டர் வேகத்தைக் குறைக்கவே இல்ல, முந்த இடம் இல்லாத இடத்துல முந்திச்சு, அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்தது பயத்துல. கூடவே என் டேப் அளவு, போட்டோ, போலீஸ் சோதனை எல்லாம் சேந்து போச்சு. வேகமும் கூடுதல், இடமும் இல்லன்னா அவங்க பதறினதுக்குக் காரணமே ஸ்கூட்டர்தான்னு வக்கீல் எழுதினார்.

2023 மே மாசம் முழுசா ஒத்துக்கிட்டாங்க. கைல இருந்து போன 385, சைக்கிள் ரிப்பேர், பிசியோ, வீட்டு வேலைக்கு ஆள் வெச்ச செலவு, வலிக்கு ஒரு சின்ன தொகை. அவங்க வேலைக்குப் போகாதவங்க, அதனால வருமான இழப்பு எதுவும் இல்லன்னு நாங்க முதல்ல நினைச்சிருந்தோம், வீட்டு வேலைக்கும் கணக்கு உண்டுன்னு வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பையன் வீட்ல இருந்து ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிச்சுன்னும், அவன் சம்பளத்துல மாசாமாசம் கட்டறான்னும் பின்னாடி பையனோட அம்மா சொன்னாங்க. அதைக் கேட்டு இவங்க ரெண்டு நாள் சரியாப் பேசல.

திரும்ப சைக்கிள்

கட்டுப் பிரிச்சு மூணு மாசம் சைக்கிளைத் தொடல. வீட்டுக்காரர் வித்துடலாம்னார். நான் எதுவும் சொல்லல, சொல்ற இடத்துல இல்லன்னு நினைச்சேன். மார்ச்ல ஒரு நாள் அவங்களே "பார்க்கிங் இடத்துக்குப் போலாமாக்கா"ன்னு மெசேஜ் போட்டாங்க.

இடையில 2023 ஜனவரி 1-ல இருந்து நாடு பூரா நீல பிளேட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு வந்துடுச்சு. எங்க தெருவுலயே ரெண்டு பேரு ஸ்கூட்டரை வித்துட்டு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினாங்க. பாதைல பெட்ரோல் வாசனை குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா புதுசா எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் பெரிய டயர் வெச்ச எலக்ட்ரிக் சைக்கிளும் வர ஆரம்பிச்சுது, அதுக்கு சத்தமே கிடையாது. சத்தம் கேட்டா இதைப் பண்ணுன்ற என் பழைய பாடம் இன்னொரு வகைலயும் செத்துப் போச்சு.

பாடத்துல இப்ப மாத்தினது

சத்தத்துக்கு எதுவும் பண்ணாதேன்னுதான் இப்ப முதல் பாடம். கேட்டாலும் சரி கேக்கலன்னாலும் சரி, விளிம்புல இருந்து ஒரு கை நீளம் தள்ளி நேரா ஓட்டு. இதைப் பார்க்கிங் இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு, நான் பின்னால வந்து மணி அடிச்சு, கத்தி, உரசற மாதிரி வந்து, அவங்க கோட்டை விட்டு நகராத வரைக்கும் பழக்கறேன். சில பேருக்கு இது மட்டும் மூணு ஞாயித்துக்கிழமை ஆகுது, ஆகட்டும்.

திரும்பிப் பாக்கறதுக்குப் பதிலா இடது ஹேண்டில்ல ஒரு சின்ன கண்ணாடி மாட்டச் சொல்றேன். இங்க சைக்கிள்ல கண்ணாடி வெச்சவங்க கம்மி, பாக்க ஒரு மாதிரி இருக்கும்னு கூச்சப்படறாங்க, பரவால்ல.

பாதை நல்லா அகலமாகி இடம் இருந்தா அப்ப வலது பக்கம் வந்து வழி விடலாம், அவசரம் இல்ல. அவன் பின்னால உறுமினா உறுமட்டும்.

பாதை தேர்வும் மாறிடுச்சு. பெரிய ரோட்டை ஒட்டின குறுகலான பாதைக்குப் பதிலா 30 வேகம் போட்ட குடியிருப்புத் தெரு வழியா, இல்லன்னா செவ்வக போர்டு வெச்ச பாதை வழியாப் போகச் சொல்றேன். நாலு நிமிஷம் கூட ஆகும். முதல் வருஷத்துக்கு அதுதான்.

விழுந்தா என்ன பண்ணணும்னும் பாடத்துல சேத்துட்டேன், இதுக்கு முன்னாடி அதை யாருக்கும் சொன்னதே இல்ல. ஓகே ஓகேன்னு சொல்லாத. பணம் வாங்காத. பிளேட்டை போட்டோ எடு, போர்டை போட்டோ எடு, பாத்தவங்க நம்பர் வாங்கு, அப்பறம் எனக்கு போன் பண்ணு. இதை டச்சுல சொல்ல நாலு வாக்கியம் எழுதி எல்லாருக்கும் போன்ல சேமிச்சுக் குடுத்திருக்கேன்.

நகராட்சிக்கும் எழுதினோம், அந்த நீளத்துக்கு மட்டும் கல் விளிம்பை சாய்வா மாத்துங்க, சக்கரம் மாட்டாம ஏறிடும்னு, அளவோட, அந்த டச்சு அம்மாவோட கையெழுத்தையும் சேத்து. அடுத்து அந்த ரோட்டை எப்ப சீரமைக்கறோமோ அப்ப பரிசீலிக்கறோம்னு பதில் வந்துச்சு. விளிம்பு இன்னும் அப்படியேதான் நிக்குது.

அவங்க இப்ப தினம் பொண்ணோட ஸ்கூலுக்கு ஓட்டறாங்க. போன செப்டம்பர்ல அதே பாதைல நான் இருபதடி பின்னால வந்துட்டிருந்தேன், என்னைத் தாண்டி ஒரு நீல பிளேட் போய் அவங்களுக்குப் பின்னால நெருங்கிச்சு. அவங்க தோள் ஒரு தடவை இறுகினது எனக்குப் பின்னால இருந்தே தெரிஞ்சுது. சைக்கிள் கோட்டை விட்டு நகரல. ஸ்கூட்டர் வேகத்தைக் குறைச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலயே வந்து, பாதை அகலமான இடத்துல முந்திட்டுப் போச்சு.